விளக்கும் கணக்கும்
(பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை)

பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் கண்ட படம் ஒன்று உண்டு. இரவு நேரம், காயமுற்ற போர்வீரர்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கின்றனர், அவர்களிடையே வெண்ணிறத் தலையாடை அணிந்த பெண்மணி ஒருவர் கையில் விளக்குடன் நடந்து வருகிறார். படத்தின் கீழே, விளக்கேந்திய மங்கை என்று எழுதியிருக்கும். ஓவியர் பலர் அவர் கையில் மூக்கு நீண்ட அலாவுதீன் விளக்கைத் தந்துவிட்டனர். உண்மையில் அவர் ஏந்தியது அந்நாளில் துருக்கியரிடையே வழங்கிய மடிப்புக் கூண்டு விளக்கு. உள்ளே மெழுகுவத்தி எரியும். சுற்றிலும் காற்றைத் தடுக்கும் மெல்லிய உறை இருக்கும். ஃபானூஸ் என்பது அதன் பெயர். இச்சொல் பானசு என்னும் வடிவில் தமிழுக்கும் வந்து சேர்ந்திருப்பது மொழி பயிற்றுவிக்கும் என் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அம்மையார் அவ்விளக்கை ஏந்திய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன்பின் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நெடிய காலத்தில் பெரும்பகுதியை அவர் கழித்தது இலண்டனில் ஓர் அறைக்குள், கட்டிலிலும் சாய்வு நாற்காலியிலும், சுற்றிலும் தாள்கள் குவிந்து கிடக்க. அத்தாள்களில் நிறைந்திருந்தவை எண்கள்; அவற்றுள்ளும் பெரும்பாலானவை இறந்தோரின் எண்ணிக்கை. விளக்கைப் பாடிய கவிஞர் உண்டு. கணக்கைப் பாடியவர் இலர். ஆகவே இக்கட்டுரை அவருடைய கணக்கைச் சற்று விரிவாகவே பேச விழைகிறது.

பிறப்பும் பிடிவாதமும்

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் ஆங்கிலேயப் பெற்றோர்க்கு இரண்டாம் மகளாக அவர் பிறந்தார். ஊரின் பெயரே குழந்தைக்குப் பெயராயிற்று. தமக்கை நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர்; அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பது அவருக்கு வாய்த்தது. பெருஞ்செல்வக் குடும்பம். டார்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் மற்றொன்று. தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் கேம்பிரிட்ஜில் பயின்றவர். தம் பெண்மக்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். கணிதத்தை முறையாகக் கற்க வேண்டும் என்று இளைய மகள் விரும்பியபோது தாயார் ஒப்பவில்லை. மணமாகப் போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்னும் வினா இங்கிலாந்துக்கும் பொதுவாகவே இருந்திருக்கிறது. அத்தை ஒருவர் பரிந்து பேசிய பிறகே அப்படிப்புக்கு வழி பிறந்தது.

பதினாறு வயதில், 1837ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். என்ன தொண்டு என்பது தெளியச் சில ஆண்டுகள் ஆயின. தெளிந்தபோது இல்லத்தில் புயல் எழுந்தது. 1845இல் சால்ஸ்பரி மருத்துவமனையில் சில திங்கள் தங்கி நோயாளர்க்குப் பணிவிடை செய்யக் கற்றுவர இசைவு வேண்டினார். பெற்றோர் அதிர்ந்து மறுத்தனர். அவர்களை முற்றும் குறைகூறவும் இயலாது. அக்காலத்து மருத்துவமனை அழுக்கும் நாற்றமும் நிறைந்த இடம். வசதி படைத்தோர் நோயுற்றால் வீட்டிலேயே மருத்துவம் பெறுவர். தாதிமார் பெரும்பாலும் வேறு பிழைப்பு வாய்க்காத ஏழைப் பெண்கள். அவர்களிடம் குடிப்பழக்கம் மிகுதி என்ற பழியும் இருந்தது. மாளிகையில் பிறந்த பெண் அங்குச் செல்வதை எந்தத் தாய்தான் பொறுப்பாள்?

அம்மையார் வாதாடுவதை விடுத்து வைகறையில் எழுந்து படிக்கத் தொடங்கினார். மருத்துவமனை அறிக்கைகள், அரசாங்கத்தின் சுகாதார ஏடுகள் எனக் கிடைத்தவற்றையெல்லாம் பயின்று குறிப்பேடுகளை நிரப்பினார். ரிச்சர்ட் மாங்க்டன் மில்னஸ் என்னும் புகழ்பெற்ற அறிஞர் பல ஆண்டுகள் காத்திருந்து மணம் பேசியும் 1849இல் மறுத்துவிட்டார். அவர்பால் அம்மையாருக்கு அன்பு இல்லாமலில்லை. தொண்டுக்கு அம்மணவாழ்வு இடம் தராது என்பதே தயக்கம். பின்னர்க் குடும்ப நண்பர்களுடன் எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் பயணம் சென்றார். ஏதென்ஸ் நகரில் சிறுவர் சிலரிடமிருந்து ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு வந்து, ஏதினா எனப் பெயரிட்டுச் சட்டைப் பையில் வைத்து வளர்த்தார் என்பது அவர் வாழ்வின் சுவையான செய்திகளுள் ஒன்று.

திரும்பும் வழியில் செர்மனியின் கெய்சர்ஸ்வெர்த் என்னுமிடத்துத் தொண்டு நிலையத்தைக் கண்டார். அடுத்த ஆண்டு, 1851இல், மூன்று திங்கள் அங்கே தங்கிப் பயின்றார். 1853இல் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்டிர்க்கான சிறு மருத்துவ இல்லமொன்றின் கண்காணிப்பாளரானார். ஊதியம் இல்லை, தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் அளித்து உதவினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அழைப்பைக் கேட்டுப் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஸ்கூட்டரி

1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரிட்டன், உதுமானியப் பேரரசுக்குத் துணையாக ரஷ்யாவின்மீது போர் தொடுத்தது. கருங்கடலின் வடகரையில் உள்ள கிரிமியாவில் போர். காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கப்பலேற்றிக் கடல் கடத்தி, கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டரிக்குக் கொண்டுவந்தனர். துருக்கியர் உஸ்குதார் என்பர். சுல்தானின் பெரிய படைவீடு ஒன்று ஆங்கிலேயர்க்கு மருத்துவமனையாக வழங்கப்பட்டிருந்தது. அங்கே கட்டுத்துணிகூட இல்லை என்ற செய்தி ‘டைம்ஸ்’ நாளிதழில் வெளியானதும் நாடு கொதித்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். செவிலியர் படையொன்றைத் திரட்டிச் செல்லுமாறு அவர் வேண்டினார். அவர் எழுதிய மடலும், அம்மையார் தாமே முன்வந்து எழுதிய மடலும் வழியில் ஒன்றையொன்று கடந்து சென்றனவாம்.

38 பெண்கள் தேர்ந்தெடுக்கப் பெற்றனர். பதின்மர் கத்தோலிக்கக் கன்னியர். பதினால்வர் ஆங்கிலத் திருச்சபைச் சகோதரியர். எஞ்சிய பதினால்வர் மருத்துவமனைத் தாதியர். அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்டு நவம்பர் 4ஆம் நாள் ஸ்கூட்டரியை அடைந்தனர். மறுநாளே இங்கர்மான் போர்.

வரவேற்பு இனிமையாக இல்லை. படை மருத்துவர்கள் இப்பெண்களைப் பொருட்படுத்தவில்லை. நோயாளர் அருகே செல்ல இசைவு தரப்படவில்லை. அம்மையார் சினங்கொள்ளவில்லை, மருத்துவர் அழைக்கும் வரை எவரும் நோயாளரைத் தொடலாகாது என்று தம் குழுவினர்க்கே கட்டளையிட்டார். பழந்துணி தைத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தனர். நோயாளர் வெள்ளமாய் வந்து குவியவும் மருத்துவர்களே வந்து அழைத்தனர். அதிகாரத்தோடு மோதாமல் அதன் வாயிலில் பொறுமையாய் அமர்ந்து உள்ளே நுழையும் இத்திறத்தை அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்டிருப்பதைக் காண்கிறோம்.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. தேய்க்கும் தூரிகைகளும் சட்டைகளும் தட்டுகளும் வாங்கினார். சலவைக்கென்று தனி வீடு அமர்த்திக் கொதிகலன் நிறுவினார். நோயாளர்க்கேற்ற உணவு சமைக்கும் சமையற்கூடம் ஏற்படுத்தினார். பின்னர் அலெக்சிஸ் சோயர் என்னும் பெயர்பெற்ற சமையற்கலைஞர் வந்து அதனைச் செம்மை செய்தார். இறந்த வீரர்தம் குடும்பங்களுக்கு மடல் எழுதினார். வீரர்கள் ஊதியத்தைக் குடியில் தொலைக்காமல் இல்லத்துக்கு அனுப்ப வகை செய்தார். இரவில் நெடிய தாழ்வாரங்களில் விளக்குடன் நடந்தார்.

இதே போரில் மேரி சீக்கோல் என்னும் ஜமைக்கா நாட்டுப் பெண்மணியும் தொண்டாற்றினார். அரசாங்கம் அவரைச் செவிலியர் குழுவில் சேர்க்க மறுத்தது. அவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் போர்க்களத்துக்கு அருகிலேயே விடுதி அமைத்து வீரர்க்கு உணவும் மருந்தும் அளித்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர் பெயரை இங்குக் குறிப்பது கடமை.

விளக்குக்குப் பின்னிருந்த இருள்

இத்தனைத் தொண்டுக்கும் பயன் என்ன? இவ்விடத்தில்தான் பாடநூல் சொல்லாத பகுதி தொடங்குகிறது. அம்மையார் வந்து சேர்ந்த பின்னரும் ஸ்கூட்டரியில் இறப்புக் குறையவில்லை, கூடியது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர் அங்கே மாண்டனர். அவர்களுள் வாளாலும் குண்டாலும் இறந்தோர் சிலரே. சீதபேதி, வாந்திபேதி, நச்சுக் காய்ச்சல் ஆகியவையே பெரும்பாலோரைக் கொண்டு சென்றன. பட்டினியாலும் பனியாலும் நைந்து, காலங்கடந்து வந்து சேர்ந்தமையால் அவர்கள் இறந்தனர் என்றே அம்மையார் அப்போது நம்பினார். மருத்துவர்களும் அவ்வாறே நம்பினர்.

1855ஆம் ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு வந்தது. ஜான் சதர்லேண்ட் என்னும் மருத்துவரும் இராபர்ட் ராலின்சன் என்னும் பொறியாளரும் அதன் தலையாய உறுப்பினர். அவர்கள் நோயாளரைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தின் அடிப்பகுதியைப் பார்த்தனர். மாபெரும் கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுத் தேங்கிக் கிடந்தன. அவற்றின்மேல் மருத்துவமனை நின்றது. நச்சுக்காற்று குழாய்கள் வழியே கூடங்களுக்குள் வீசியது. குடிநீர் வரும் வாய்க்காலில் செத்த குதிரையொன்று கிடந்தது. குழுவினர் நூற்றுக்கணக்கான வண்டி அழுக்கை அள்ளினர், கால்வாய்களைக் கழுவினர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர், காற்றோட்டத்துக்கு வழி திறந்தனர். அம்மையார் பின்னர்த் தொகுத்த கணக்கின்படி, பிப்ரவரியில் நூற்றுக்கு 42.7ஆக இருந்த இறப்பு சூன் திங்களில் 2.2ஆகத் தாழ்ந்தது. நெருக்கடி குறைந்ததும், பனிக்காலம் கழிந்ததும், படைக்கு நல்லுணவு கிடைத்ததும் துணைக்காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கால்வாயைத் தூய்மை செய்ததன் பங்கு பெரிது.

போர் முடிந்தது. 1856 ஆகஸ்டில், வரவேற்பு ஆரவாரங்களுக்கு அஞ்சி, மிஸ் ஸ்மித் என்னும் புனைபெயருடன் அவர் இல்லம் திரும்பினார். அரசியார் விக்டோரியா அழைத்துப் பேசினார். துருக்கிச் சுல்தான் அப்துல் மஜீது வைரக் கடகம் பரிசளித்திருந்தார். மக்கள் அவர் பெயரால் நிதி திரட்டினர். அது 44,000 பவுனைத் தாண்டியது. நாடே கொண்டாடிய அவ்வேளையில் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. தம் கண்முன் இறந்தோர் ஏன் இறந்தனர் என்று அறிய வேண்டும் என்னும் ஒரே எண்ணம் அவரை ஆட்கொண்டது.

வில்லியம் ஃபார் என்பவர் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளியியல் அறிஞர். அவரோடு சேர்ந்து படைப் பதிவேடுகளை அம்மையார் ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார். படைத்துறை ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஓர் ஏட்டில் அடக்கம் செய்யப்பட்டோர் தொகை ஒன்று. மற்றோர் ஏட்டில் இறந்தோர் தொகை வேறு. அவற்றையெல்லாம் ஒப்புநோக்கியபோது வெளிப்பட்ட உண்மை கொடியது. போர்க்களத்தை ஒட்டிக் கூடாரங்களில் இயங்கிய எளிய மருத்துவமனைகளைவிட, ஸ்கூட்டரியிலும் அதனை அடுத்த குலாலியிலும் இருந்த பெரிய மருத்துவமனைகளிலேயே இறப்பு மிகுந்திருந்தது. காக்க எழுந்த கட்டடமே கொன்றிருக்கிறது. அக்கட்டடத்தில் செவிலியர்க்குத் தலைவியாக நின்றவர் தாமே.

1857 ஆகஸ்டில் அவர் உடல்நலம் முற்றும் குலைந்தது. கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் நீட்சி என்பர் சிலர். ஆய்வில் கண்ட உண்மை தந்த அதிர்ச்சி என்பர் சிலர். வரலாற்றாசிரியரிடையே இன்றும் இதுபற்றி வழக்கு உண்டு. காரணம் எதுவாயினும், அவர் அவ்வுண்மையை மறைக்க முயலவில்லை என்பதே என் நெஞ்சைத் தொடுவது. நாடு முழுவதும் தம்மைப் போற்றும்போது, தாம் பணியாற்றிய இடமே மிகுந்த உயிர்ச்சேதம் நிகழ்ந்த இடம் என்று எண்ணிட்டுக் காட்ட எத்தனை பேர் துணிவர்?

எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையொன்றைத் தம் செலவில் அச்சிட்டு 1858இல் பொறுப்பில் உள்ளோர்க்கு அனுப்பினார். எண் அட்டவணையைக் கண்டால் அமைச்சர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவர் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கண்ணால் கண்டே அறியத்தக்க வட்டப்படம் ஒன்றை வகுத்தார். ஓர் ஆண்டின் பன்னிரண்டு திங்களும் பன்னிரண்டு கூறுகள். ஒவ்வொரு கூறும் இறப்பின் அளவுக்கேற்ப விரியும். தடுத்திருக்கத்தக்க நோயால் இறந்தோர்க்கு நீலம், காயத்தால் இறந்தோர்க்குச் சிவப்பு, பிற காரணங்களால் இறந்தோர்க்குக் கறுப்பு. 1855 சனவரிக்குரிய நீலம் படத்தையே விழுங்குவதுபோல் விரிந்து நிற்கும். சிவப்போ நடுவே சிறு துண்டாய்க் கிடக்கும். ரஷ்யக் குண்டுகளைவிடச் சாக்கடை மிகுந்த பேரைக் கொன்றது என்பதை எழுத்தறியாதவரும் அப்படத்தில் படித்துவிடலாம்.

அதனோடு நில்லாமல், போரே இல்லாத காலத்தில் இங்கிலாந்தின் படைவீடுகளில் நிகழும் இறப்பையும் கணக்கிட்டார். உடல்வன்மை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள், அதே வயதுடைய பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வீதத்தில் இறந்துகொண்டிருந்தனர். இதனை ஆராய அமைந்த அரசாங்கக் குழுவில் பெண் என்பதால் அவர் உறுப்பினராக இயலவில்லை. குழுத் தலைவர் சிட்னி ஹெர்பர்ட்; அவர்க்கு வேண்டிய சான்றுகளையும் வினாக்களையும் படுக்கையிலிருந்தே ஆயத்தம் செய்து அனுப்பியவர் அம்மையார். படைவீடுகள் திருத்தப்பட்டன, படை மருத்துவக் கல்லூரி தோன்றியது, படைக்கெனப் புள்ளியியல் பிரிவு ஏற்பட்டது. புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதற்பெண் உறுப்பினராக ஏற்றது. ஹெர்பர்ட் நோயுற்ற நிலையிலும் அம்மையார் அவரை ஓயவிடவில்லை. 1861இல் அவர் மறைந்தார். தம்மை வருத்திக்கொண்ட அளவு பிறரையும் வருத்தினார் என்னும் குற்றச்சாட்டு பொய்யன்று.

பள்ளியும் பேறுகால மனையும்

1859இன் இறுதியில் வெளியான அவருடைய செவிலியம் பற்றிய குறிப்பு நூல், மருத்துவமனைக்காக எழுதப்பட்டதன்று. வீட்டில் நோயாளரைப் பேணும் பெண்களுக்காக எழுதப்பட்டது. காற்று, வெளிச்சம், நன்னீர், தூய்மை, அமைதி, நேரத்துக்கு உணவு என்பனவே அதன் பொருள். நோயாளரின் காதுபட வாயிற்புறத்தில் நின்று கிசுகிசுப்போரையும், பார்க்க வந்து கட்டிலருகே அமர்ந்து ஆளுக்கொரு மருந்து சொல்வோரையும் அந்நூல் கடுமையாகச் சாடுகிறது. ஆரஞ்சுப் பழப் பையுடன் கூட்டமாய்ச் சென்று நோயாளரைக் களைப்புறச் செய்யும் நம் உறவினர் படிக்க வேண்டிய அதிகாரம் அது.

மக்கள் திரட்டிய நிதியைக்கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப் பெற்றது. வார்ட்ரோப்பர் அம்மையார் கண்காணிப்பாளர், முதலில் சேர்ந்தோர் பதினைவர், பயிற்சி ஓராண்டு. 1865இல் இங்குப் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் நங்கை, லிவர்பூல் நகர ஏழையர் விடுதி மருத்துவமனைக்குப் பயின்ற செவிலியருடன் சென்றார். நாதியற்ற ஏழைக்கும் பயின்ற செவிலியரின் பணி கிடைத்தது. மூன்றாண்டில் அங்கேயே நச்சுக் காய்ச்சலுக்கு அவர் பலியானார், வயது முப்பத்தைந்து.

இதே நிதியிலிருந்து மருத்துவச்சியர் பயிற்சிக்காகக் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1862இல் பேறுகாலக் கூடம் ஒன்றும் திறக்கப்பட்டது. ஏழைத் தாய்மார்க்கு நல்ல கட்டில், நல்ல உணவு, பயின்ற பணியாளர் எல்லாம் இருந்தன. ஆயினும் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் நுழைந்தது. கணக்கிட்டபோது, அங்கே ஆயிரம் பேறுக்கு 33 தாய்மார் இறந்திருப்பது தெரியவந்தது. நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலான பேறுகள் வீடுகளிலேயே நிகழ்ந்த அக்காலத்தில், ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐவர். குடிசையில் கிழிந்த பாயில் பிள்ளை பெற்றவள் பிழைத்தாள்; மருத்துவமனைக்கு நம்பி வந்தவள் மாண்டாள்.

ஸ்கூட்டரி மீண்டும் அவர் முன் வந்து நின்றது. இம்முறை அவர் காலம் தாழ்த்தவில்லை. 1867இல் கூடம் மூடப்பட்டது. தம் பெயரால் நடந்த ஒரு நற்பணி தோற்றுவிட்டது என்பதை ஊரறியச் செய்வதில் அவர்க்கு நாணமில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பேறுகால மனைகளிலிருந்து எண்களைத் திரட்டி, 1871இல் தனி நூலாகவே வெளியிட்டார். தாயரைப் பெருங்கூடங்களில் ஒருங்கே கிடத்துவதும், பிற நோயாளரைத் தொடுவோர் அவர்களையும் தொடுவதும் ஆபத்து என்பதைச் சுட்டினார். பேறு என்பது நோயன்று. ஆகவே அதில் நேரும் ஒவ்வோர் இறப்புக்கும் விளக்கம் கேட்கப்பட வேண்டும் என்பது அந்நூலின் உட்கிடை. வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், கை கழுவினால் இக்காய்ச்சல் குறையும் என்று 1847இலேயே கண்டிருந்தார். அதனை மருத்துவ உலகம் செவிமடுக்காத காலம் அது.

அம்மையாரும் ஓர் இடத்தில் செவிமடுக்கத் தவறியவரே. தீய காற்றே நோய்க்கு முதல் என்னும் பழைய கொள்கையை அவர் நெடுங்காலம் பற்றி நின்றார். கண்ணுக்குத் தெரியாத கிருமி நோயைப் பரப்புகிறது என்பதை அவர் ஏற்கத் தொடங்கியது 1880களில்தான். கொள்கை பிழையாக இருந்தும் அவர் சொன்ன தீர்வுகள் பிழைபடவில்லை என்பது வியப்பு. நாற்றத்தை ஒழிப்பதாக எண்ணிச் சாக்கடையை அகற்றினார். நாற்றத்தோடு கிருமியும் போயிற்று.

காணாத நாடு

இந்தியாவை அவர் ஒருபோதும் கண்டதில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு அது அவர் எண்ணத்தை விட்டு அகலவில்லை. 1859இல் இந்தியப் படையின் சுகாதாரத்தை ஆராய அரசாங்கக் குழு அமைந்தது. வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களின் படை நிலையங்களுக்கெல்லாம் அம்மையார் வினாத்தாள் வகுத்து அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பன போன்ற எளிய வினாக்கள். வந்த விடைகள் அறையை நிறைத்தன. 1863இல் வெளியான அறிக்கை இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்து வந்தனர். இந்திய வெயில் கொல்கிறது என்று அதுவரை அனைவரும் கூறிவந்தனர். வெயிலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, அங்கே கழிவுநீரை ஏற்றியவர் அம்மையார். 1864இல் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. அறிக்கை வெளிவந்து பத்தாண்டு கழிந்ததும் மீண்டும் கணக்கிட்டார்: 69 என்பது 18ஆகக் குறைந்திருந்தது.

படைவீரரின் நலத்தோடு தொடங்கிய அக்கறை, படைவீட்டின் மதிலைத் தாண்டி ஊருக்குள் சென்றது. சுற்றியுள்ள மக்கள் நலமின்றி இருக்கையில் நடுவில் உள்ள படை மட்டும் நலமாய் இருத்தல் இயலாது என்பதை அவர் கண்டார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தனர். அப்பஞ்சச் செய்திகள் இலண்டனில் படுக்கையிலிருந்த அம்மையாரை உறங்கவிடவில்லை. இந்திய உழவர் படும் துன்பத்தையும், அவர் தோளில் அழுந்தும் கடன்சுமையையும் 1878இல் கட்டுரையாக எழுதினார். கொள்ளிடத்தின் மேலணையை 1836இல் கட்டிய ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களுக்குத் துணைநின்று வாதாடினார். பசியுற்றோர் முதலில் நோய்க்குத்தான் இரையாவர் என்பதால், வாய்க்காலும் ஏரியும் சுகாதாரத்துறையின் பாற்பட்டனவே என்பது அவர் கருத்து. ஆள்வோர் இவற்றையெல்லாம் அவர் விரும்பிய அளவு ஏற்கவில்லை. பேரரசின் ஆட்சி நல்லதே என்னும் நம்பிக்கையை அவரும் முற்றாகக் கைவிட்டாரல்லர். அக்காலத்து ஆங்கிலேயரிடம் அதனை எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

இறுதி நாள்கள்

முதுமையில் உடல் சற்றே தேறியது; கண்ணொளி மங்கியது. 1890இல் அவர் குரல் மெழுகு உருளையில் பதிவு செய்யப்பட்டது. வறுமையுற்ற பாலக்ளாவாப் போர்வீரர்க்கு உதவும் பொருட்டு அவர் பேசிய சில சொற்களே அதில் உள்ளன, இன்றும் கேட்கலாம். செவிலியர் பெயரைத் தேர்வெழுதச் செய்து அரசு பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று இளைய தலைமுறையினர் கோரியபோது அவர் எதிர்த்தார். பண்பைத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவர் அச்சம். காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்விருது அவருக்கு வழங்கப்பட்டது; அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. விருது வந்தபோது அதன் சிறப்பை உணரும் நிலையில் அவர் நினைவு இல்லை.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் இலண்டன் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. தம் உடலை மருத்துவ ஆய்வுக்கு அளிக்க வேண்டுமென உயிலில் எழுதியிருந்தார், அவ்விருப்பம் நிறைவேற்றப்படவில்லை. மன்னர்களும் மாகவிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இடமளிக்க அரசாங்கம் முன்வந்தது, உறவினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் கிழக்கு வெல்லோ என்னும் சிற்றூரில், பெற்றோரின் கல்லறைக்கு அருகே, படைவீரர் அறுவர் சுமந்து செல்ல அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் அவர் பெயர் இல்லை. எஃப். என். என்னும் இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.